சிறுகதை வழியாக இங்கிலீஷ்: மூலக்கதையா, எளிய பதிப்பா, தெரிந்த தமிழ்க் கதையின் மொழிபெயர்ப்பா?

வலங்கைமானிலிருந்து கும்பகோணம் கல்லூரிக்கு தினமும் பஸ்ஸில் போய்வரும் ஒரு மாணவி. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். மன்னார்குடியில் வங்கித் தேர்வுக்குத் தயாராகும் ஒரு தம்பி. திருவையாற்றில், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோடு தானும் சேர்ந்து படிக்க நினைக்கும் ஓர் அம்மா. மூன்று பேரும் ஒரே மாதத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கதை படித்தால் இங்கிலீஷ் வரும் என்கிறார்கள். சரி, எந்தக் கதையை, எப்படிப் படிப்பது?"

பாபநாசம் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் நான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கதை படிக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மூன்று பேருக்கும் ஒரே புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டு பேர் பாதியில் விட்டுவிடுவார்கள். அதனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பதை முதலில் பேசிவிடலாம்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவு, தடுக்கல். கதையின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் கீழே பென்சிலால் புள்ளி வையுங்கள். முதல் பக்கம் வேண்டாம்; எழுத்தாளர்கள் இடத்தையும் ஆளையும் வருணிப்பது அங்கேதான், அதனால் அது எப்போதுமே கடினமாக இருக்கும். பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்துக்கொண்டால் ஐந்து புள்ளி வரை பரவாயில்லை. சொல்வளத்தைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த பால் நேஷன் போன்றவர்கள், ஒரு கதையை யார் துணையும் இல்லாமல் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஐம்பதுக்கு ஒரு சொல்தான் புதிதாக இருக்கலாம் என்று அர்த்தம். 95 சொல் தெரிந்தால், அகராதியோ பக்கத்தில் ஓர் ஆளோ இருந்தால் ஓட்டிவிடலாம். அது பக்கத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று புள்ளி. அதற்கு மேல் போனால் கதை காதில் விழாது, சொல் மட்டும்தான் கண்ணில் குத்தும்.

இரண்டாவது அளவு, கடைசிப் பக்கம். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, தலைமடை வயல்களில் தண்ணீர் தளும்பி நிற்கும்போது கடைமடையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். புதிதாகக் கதை படிப்பவர்களின் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், அதே காட்சிதான். முதல் இரண்டு பக்கத்தில் அடிக்கோடு, ஓரத்தில் அர்த்தம், அம்புக்குறி எல்லாம் இருக்கும். மூன்றாம் பக்கத்தில் நாலைந்து. கடைசிப் பக்கம் வெள்ளையாக இருக்கும், கை பட்டே இருக்காது. கடைசி வரை தண்ணீர் போகிற வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, அந்தக் கதையில் இலக்கணம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. டென்ஸ் மாறுவதும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்வதும், 'அ' (a), 'த' (the) என்ற ஆர்ட்டிகிள்கள் இடம் மாறி வருவதும் அதில் இருக்க வேண்டும்.

நான்காவது, செலவு. புத்தக விலை மட்டுமில்லை, நேரமும் கவனமும் சேர்த்துத்தான்.

இவை நான்குக்கும் மேலே எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. இதை இரண்டாம் முறை படிக்க மனம் வருமா? நாவலை விட்டுவிட்டுச் சிறுகதையைச் சொல்வதற்கு ஒரே காரணம் இதுதான். ஒரே வாரத்தில் மூன்று தடவை படித்துவிடலாம். முதல் தடவை கதைக்காக, சொல்லைப் பற்றிக் கவலையே இல்லாமல். இரண்டாம் தடவை சொல்லுக்காக. மூன்றாம் தடவை வாக்கியத்துக்காக. பத்துக் கதையை ஒரு தடவை படித்தவரைவிட மூன்று கதையை மூன்று தடவை படித்தவர் நன்றாக எழுதுவதை இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

வழி ஒன்று: மூலக்கதையும் அகராதியும்

பெரும்பாலானவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள், பெரும்பாலானவர்கள் இதில்தான் நிறுத்தியும்விடுகிறார்கள். காரணம், "இங்கிலீஷ் சிறுகதை" என்று தேடினாலே அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி வந்து நிற்பார். நூறு வருஷத்துக்கு மேலானதால் காப்புரிமை முடிந்து, இலவசமாகக் கிடைக்கிறார். 1971-ல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் அவர் தொகுப்புகள் முழுவதுமாக இருக்கின்றன. லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாய்விட்டுப் படித்த ஒலிப்பதிவும் கிடைக்கும். செலவு பூஜ்யம்.

ஆனால் 1906-ல் வந்த அவருடைய தொகுப்பில் இருக்கும் 'ஆஃப்டர் ட்வென்டி இயர்ஸ்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துச் சில்லறைச் சொற்கள்தான், ஒரு மூச்சில் முடிந்துவிடும் போலத் தெரியும். இரவு ரோந்து வரும் போலீஸ்காரர் ஒருவரைப் பற்றிய இரண்டாம் பத்தியில் 'ஸ்டால்வர்ட்', 'ஸ்வாகர்', 'இன்ட்ரிகேட்', 'தரோஃபேர்' எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் வருகின்றன. கூடவே 'அடௌன்' என்று ஒரு சொல். அது 'டௌன்' என்பதன் பழைய வடிவம், இன்று யாரும் பேச்சில் சொல்வதில்லை. 'பசிபிக்' என்றும் ஒன்று வரும். திண்ணையில் ஒரு பையன் அகராதியைப் பார்த்துவிட்டு, "சார், நியூயார்க் தெருவுல பசிபிக் கடல் எப்படி வந்துச்சு?" என்று கேட்டான். அமைதியான தெரு என்பதைத்தான் எழுத்தாளர் அப்படிச் சொல்கிறார். அகராதி முதலில் காட்டிய அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டவனைக் குறை சொல்ல முடியாது.

இந்த வழியின் மறைமுகச் செலவு அங்கேதான் இருக்கிறது. அகராதி ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம் தரும், எது இங்கே பொருந்தும் என்று சொல்லாது. அதைவிடப் பெரிய சிக்கல், தெரிந்த சொற்கள் சேர்ந்து தெரியாத அர்த்தம் தரும் இடங்கள். 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும். 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது என்று தெரியாது. மூன்றும் தெரிந்த சொல் என்பதால் பென்சில் புள்ளியும் அங்கே விழாது, அகராதியையும் திறக்க மாட்டோம். வாக்கியம் மட்டும் புரியாது. இன்னொன்று, அகராதி இப்போது போனில் இருக்கிறது. சொல் பார்க்கப் போனை எடுத்தால் வாட்ஸ்அப் கூப்பிடும். கதைக்குத் திரும்பி வரும்போது போலீஸ்காரர் எந்தத் தெருவில் நின்றார் என்பதே மறந்திருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும், இலக்கணம் இதில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரியாது. அதே கதையில் கடை வாசலில் நிற்கும் மனிதன் தன் நண்பனைப் பற்றிச் சொல்கிறான்: இருபது வருஷத்துக்கு முன் இதே இடத்தில் சாப்பிட்டோம், இருபது வருஷம் கழித்து இதே நாளில், இதே நேரத்தில் சந்திப்போம் என்று பேசிக்கொண்டோம். தமிழில் 'சந்திப்போம் என்று பேசிக்கொண்டோம்' என்றால் போதும். 'சந்திப்போம்' அப்படியே எதிர்காலத்தில் நிற்கும், 'என்று' அதைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வரும். இங்கிலீஷில் அப்படி நிற்காது. 'வி அக்ரீட்' என்று முடிந்துபோன காலத்தில் தொடங்கியதால் அடுத்து வருவது 'வி வுட் மீட்'. 'வில்' அல்ல, 'வுட்'. அதைத் தொடர்ந்து, எங்கள் நிலைமை எப்படி இருந்தாலும் என்று சொல்லும் இடத்தில் 'மே' வருவதில்லை, 'மைட்' வருகிறது. நம் பிள்ளைகள் 'ஹி டோல்ட் தட் ஐ வில் கம்' என்று எழுதுவதன் வேர் இந்த 'என்று'தான். விதியை நூறு தடவை கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். இருபது வருஷம் காத்திருந்தவன் வாயிலிருந்து அந்த 'வுட்' வரும்போதுதான் அது எதற்கு என்று பிடிபடுகிறது. அந்த 'வுட்'டுக்குள் முடிந்துபோன ஒரு ராத்திரியும், அப்போது இன்னும் வராத ஒரு நாளும் சேர்ந்து இருக்கின்றன.

மூலக்கதை வேண்டும், ஆனால் ஓ. ஹென்றி தடுக்கிறார் என்றால் ஆர். கே. நாராயண் பக்கம் போகலாம். அவருடைய 'ஆன் அஸ்ட்ராலஜர்ஸ் டே' கதையில் தெருவோர ஜோசியர் சோழிகளையும் ஓலைக் கட்டையும் பரப்பி உட்கார்கிறார், நெற்றியில் விபூதியும் குங்குமமும். தெரியாத சொல் வந்தாலும், காட்சி தெரிந்ததாக இருப்பதால் பாதிக்கு மேல் ஊகித்துவிடலாம். சுவாமிமலை வாசலில் பார்த்த ஆள்தானே. இவர் இலவசம் இல்லை, புத்தகம் வாங்க வேண்டும், அல்லது நூலகத்தில் எடுக்க வேண்டும். ஆனாலும் முதல் மூலக்கதையாக நான் இதைத்தான் சொல்வேன்.

யாருக்கு இது சரி? பென்சில் சோதனையில் பக்கத்துக்கு ஐந்தாறு புள்ளிக்குள் வருபவர்களுக்கு. அல்லது ஞாயிறு காலை கூட உட்கார ஓர் ஆள் இருப்பவர்களுக்கு.

வழி இரண்டு: எளிமைப்படுத்திய படிநிலைப் புத்தகங்கள்

இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காகவே சொற்களை எண்ணி எழுதிய புத்தகங்கள் இவை. உதாரணமாக ஆக்ஸ்போர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் படி 400 அடிப்படைச் சொற்களுக்குள், இரண்டாம் படி 700, மூன்றாம் படி 1,000, பிறகு 1,400, 1,800, ஆறாம் படி 2,500. ஒரு படியில் இருக்கும் கதையில் அந்தப் படிக்கு மேலான சொல் வந்தால், பக்கத்திலேயோ பின்னாலேயோ விளக்கம் கொடுத்துவிடுவார்கள்.

தடுக்கல் இல்லை. கடைமடை வரை தண்ணீர் போகும். அதே சொல் திரும்பத் திரும்ப வருவதால் மனப்பாடம் செய்யாமலே மனதில் தங்கும். தமிழ் மீடியத்தில் படித்து, ஒரு முழு இங்கிலீஷ் புத்தகத்தை இதுவரை முடித்தே பார்க்காதவர்களுக்கு, அந்த முதல் "முடித்துவிட்டேன்" எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயதான ஒருவர் இரண்டாம் படிப் புத்தகம் ஒன்றை முடித்துவிட்டு, திண்ணையில் அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "சார், நான் ஒரு புஸ்தகம் படிச்சிருக்கேன்" என்றார்.

குறைகளும் உண்டு. மெல்லிய புத்தகம்தான், ஆனால் பக்கக் கணக்குக்கு விலை கூடுதல். நம் பக்கத்துச் சின்ன ஊர்களின் கடைகளில் எளிதில் கிடைக்காது, ஆன்லைனில் வாங்குபவர்கள்தான் அதிகம். அடுத்து, கீழ்ப் படிகளில் வாக்கியம் குட்டையாக இருக்கும். சற்றுச் சிக்கலான டென்ஸ்களையும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லும் அமைப்பையும் மேல்படிக்குத் தள்ளிவைப்பார்கள். மேலே சொன்ன அந்த 'வுட்' மாதிரி ஒன்று முதல் படியில் கிடைக்காது. முதல் படியிலேயே பத்துப் புத்தகம் படித்துவிட்டு "கிராமர் வரவில்லையே" என்று சொல்பவர்கள் படி ஏறாமல் நின்றவர்கள்தான். மூன்று புத்தகத்துக்கு ஒரு படி ஏறுங்கள்.

இரண்டாம் முறை படிக்க மனம் வருமா? உண்மையைச் சொன்னால், குறைவுதான். சுருக்கும்போது கதையின் ருசியும் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது.

வழி மூன்று: தெரிந்த தமிழ்க் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு

இதை யாரும் யோசிப்பதில்லை. எனக்கோ இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

புதுமைப்பித்தன், அசோகமித்திரன், ஜெயகாந்தன் என்று பலருடைய கதைகள் நல்ல ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன. தமிழில் ஏற்கெனவே படித்து, பிடித்துப்போன ஒரு கதையை எடுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியும். அதனால் கவனம் முழுவதும் வாக்கியத்தின் மேல் போகிறது. தெரியாத சொல் வந்தாலும், அங்கே என்ன சொல் இருக்க வேண்டும் என்று தமிழ் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. பென்சில் புள்ளி பத்து விழுந்தாலும் கதை நிற்காது. பிடித்த கதை என்பதால், இரண்டாம் முறை படிக்கவும் யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை.

இதில் ஒரு பயிற்சி இருக்கிறது. தமிழ்ப் பத்தி ஒன்றை எடுத்து, ஆங்கிலத்தைப் பார்க்காமல் நீங்களே இங்கிலீஷில் எழுதுங்கள். பிறகு மொழிபெயர்ப்போடு ஒப்பிடுங்கள். புதிய தந்திரம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் முதலாம் எலிசபெத் ராணிக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம், லத்தீனை இப்படித்தான் கற்பிக்க வேண்டும் என்று எழுதினார். லத்தீனிலிருந்து இங்கிலீஷ், கொஞ்ச நேரம் கழித்து இங்கிலீஷிலிருந்து திரும்ப லத்தீன், பிறகு மூலத்தோடு ஒப்பீடு. இன்று நாம் கற்கத் தவிக்கும் இங்கிலீஷ், அன்று அவர்களுக்கு வீட்டு மொழியாக இந்தப் பக்கம் நின்றது.

திண்ணையில் இதைச் செய்து பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வலங்கைமான் மாணவிதான். அவள் முன்னால் இருந்த தமிழ் வரிகள்: "ஒரு கிழவி வந்தாள். கிழவி கையில் ஒரு கூடை இருந்தது. கூடை காலி." சின்னச் சின்ன வாக்கியங்கள். அவள் எழுதியது, 'ஒன் ஓல்ட் உமன் கேம். ஓல்ட் உமன் ஹேட் ஒன் பாஸ்கெட். பாஸ்கெட் வாஸ் எம்ப்டி.' ஒப்பிட வைத்திருந்த ஆங்கிலத்தில், முதலில் வரும் கிழவி 'ஆன் ஓல்ட் உமன்', இரண்டாவது வரும் கிழவி 'தி ஓல்ட் உமன்'. கூடையும் அப்படியே, முதலில் 'அ', அப்புறம் 'த'. தமிழில் முதலில் வரும்போது 'ஒரு' போடுகிறோம், இரண்டாம் தடவை ஒன்றும் போடுவதில்லை. வெறும் 'கிழவி' என்றாலே அந்தக் கிழவிதான். அந்த வெறும் இடத்தில் இங்கிலீஷ் 'தி'யைக் கேட்கிறது. அவள் பென்சிலால் இரண்டையும் இணைத்து ஒரு கோடு போட்டாள். அந்தப் பக்கம் முழுக்கத் தேடி அதே மாதிரி இன்னும் ஏழெட்டுக் கோடு போட்டாள். ஆர்ட்டிகிள் பற்றிப் பள்ளியில் எத்தனை பாடம் கேட்டிருப்பாள்? கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மறைமுகச் செலவு இதிலும் உண்டு. 'சித்தி', 'அத்தான்', 'முறுக்கு', 'தாவணி' போன்ற சொற்களை மொழிபெயர்ப்பாளர்கள் அப்படியே விட்டுவிடுவது வழக்கம். அங்கே புதுச் சொல் ஒன்றும் கிடைக்காது. பேச்சு வழக்கு நிறைந்த கதை என்றால், ஆங்கிலத்தில் அதற்கு ஈடான நடை கிடைக்காமல் உரையாடல் சற்று விறைப்பாக இருக்கும். அதைப் பார்த்துப் பேசக் கற்றால் பேச்சும் விறைக்கும். அப்புறம் இரண்டு புத்தகம் வேண்டும், தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று. மொழிபெயர்ப்புத் தொகுப்புகள் மலிவாக வருவதில்லை. தஞ்சாவூர் மாவட்ட மைய நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் தேடிப் பார்த்துவிட்டு, பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஆங்கிலத்தைப் படிக்காதீர்கள். கண் தானாகத் தமிழுக்குத் தாவிவிடும், "புரிந்துவிட்டது" என்று மனமும் ஏமாந்துவிடும். தமிழை முந்தின நாள் படித்து மூடிவையுங்கள்.

வழி நான்கு: கதையே வேண்டாம், கிராமர் புத்தகமும் வகுப்பும்

நம் வீட்டு அலமாரிகளில் அப்பா காலத்து ரென் அண்ட் மார்ட்டின் கிராமர் புத்தகம் இருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு போர்டு தொங்கும். இவற்றை நான் ஒதுக்கவில்லை. விதி ஒன்று சந்தேகமாக இருக்கும்போது எடுத்துப் பார்க்க கிராமர் புத்தகம் வேண்டும். வாய் திறக்கவே கூச்சப்படுபவருக்கு வகுப்பில் நாலு பேர் முன்னால் பேசுவது கூச்சத்தைத் தெளியவைக்கும்.

ஆனால் சொல்வளத்துக்கு அது மட்டும் போதாது. நான் மாணவனாக இருந்தபோது, தினம் பத்துச் சொல் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, மறுநாள் காலையில் எழுந்து நிற்கவைத்து அர்த்தம் கேட்பார்கள். மூன்று வருஷம். அந்தப் பட்டியலில் இருந்து இன்று எனக்கு நினைவிருப்பவை, பிறகு எங்கோ ஒரு கதையில் எதிர்ப்பட்டவை மட்டும்தான். தனியாக நிற்கும் சொல்லுக்குப் பிடிமானம் இல்லை. பிடிப்பதற்கு ஓர் ஆளோ, ஒரு தெருவோ, ஒரு சண்டையோ வேண்டும்.

வகுப்பில் சேருபவர்கள் பலர் "நம்ம நாக்குக்கு இங்கிலீஷ் வராது சார்" என்று சொல்லிக்கொண்டே சேருகிறார்கள். 1869-ல் அதே வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் படித்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. ஆங்கிலப் பேச்சுக்காக 'வெள்ளி நாக்கு' என்று பேரெடுத்தவர். நாக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

இதற்கும் கதைக்கும் நடுவில் இலவசமாக ஒன்று இருக்கிறது: பள்ளிப் பாடப்புத்தகத்தின் துணைப்பாடக் கதைகள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் பிடிஎஃப்பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பெரியவர்கள் ஆறாம், ஏழாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இதில் ஒரே ஆபத்து நோட்ஸ். கேள்வி பதிலை மனப்பாடம் செய்த பிள்ளைக்குக் கதை என்ன என்பதே தெரியாமல் போகிறது.

ஒரே பார்வையில்

| | மூலக்கதை | படிநிலைப் புத்தகம் | தமிழ்க் கதையின் மொழிபெயர்ப்பு | கிராமர், வகுப்பு |
|---|---|---|---|---|
| தடுக்கல் | அதிகம் | மிகக் குறைவு | நடுத்தரம், ஊகிக்கலாம் | வாசிப்பே இல்லை |
| கடைசிப் பக்கம் வரை | துணை இருந்தால் | நிச்சயம் | பெரும்பாலும் | வகுப்பு முடியும் வரை |
| இலக்கணம் | முழுமையாக | படி ஏற ஏற | ஒப்பிட்டால் பளிச்சென்று | விதியாக மட்டும் |
| மறுபடி படிப்போமா | கதை பிடித்தால் | குறைவு | ஆம் | இல்லை |
| காசு | பழைய கதைகள் இலவசம் | கொஞ்சம் கூடுதல் | இரண்டு புத்தகம் | வகுப்புக் கட்டணம் |
| மறைமுகச் செலவு | அகராதி, போன் | ஒரே படியில் தேங்குதல் | தமிழ்ப் பக்கம் இழுப்பது | மறந்துபோகும் பட்டியல் |

மூன்று பேருக்கும் என் பதில்

மன்னார்குடித் தம்பிக்கு முதலில். உங்கள் தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் கதையை ஒதுக்கி வையுங்கள். வங்கித் தேர்வில் வரும் வாசிப்புப் பத்திகள் பெரும்பாலும் பொருளாதாரம், வங்கித்துறை சார்ந்த கட்டுரைகள். பிழை கண்டுபிடிப்பதும் கோடிட்ட இடம் நிரப்புவதும் கேட்பார்கள். பழைய வினாத்தாள், கிராமர் புத்தகம், தினமும் ஒரு இங்கிலீஷ் பேப்பரின் தலையங்கம், இவைதான் உங்களுக்கு. ஒரு வருஷம் கையில் இருந்தால் பதில் வேறு. அப்போது படிநிலைப் புத்தகத்தின் மூன்றாம் படியில் தொடங்கி, ஆறு மாதத்தில் நாராயணுக்கு வந்துவிடுங்கள். கோடிட்ட இடத்தில் எந்தப் பிரிபொசிஷன் வரும் என்று காது சொல்லத் தொடங்கும். அந்தக் காது விதியைவிட வேகமாக வேலை செய்யும்.

திருவையாற்று அம்மாவுக்கு. மகளின் துணைப்பாடக் கதையிலேயே தொடங்குங்கள், ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டாம், நோட்ஸும் வேண்டாம். நீங்கள் ஒரு பத்தி, அவள் ஒரு பத்தி என்று வாய்விட்டுப் படியுங்கள். உங்களுக்குத் தெரியாத சொல்லை அவளிடம் கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதற்காக அவள் பார்க்கும் சொல்லை அவள் மறக்க மாட்டாள். நாலைந்து கதை முடிந்ததும், சின்ன வயசில் நீங்கள் அவளுக்குச் சொன்ன கதை ஒன்றை, காக்கா வடை திருடியதே போதும், இருவரும் சேர்ந்து இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். அதில் பாட்டி முதலில் வரும்போது 'அ'வா 'த'வா என்று சண்டை வரும். வரட்டும்.

வலங்கைமான் மாணவிக்கு என் பதில் மூன்றாம் வழி. அவள் ஏற்கெனவே தொடங்கிவிட்டாள். வீட்டிலிருந்து கல்லூரிக்கு பஸ்ஸில் ஏறத்தாழ அரை மணி நேரம். திங்கள் இரவு தமிழ்க் கதையைப் படித்து மூடுகிறாள். செவ்வாய் காலை பஸ்ஸில் ஆங்கிலத்தில் முதல் தடவை, கையில் பென்சில் கூடக் கிடையாது. புதன், வியாழன் புள்ளி வைக்கிறாள். ஆனால் பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மட்டும்தான் அர்த்தம் பார்க்கிறாள், அதுவும் வீட்டுக்கு வந்த பிறகு. வெள்ளி இரவு ஒரு பத்தியைத் தமிழிலிருந்து தானே மாற்றி எழுதுகிறாள், சனிக்கிழமை ஒப்பிடுகிறாள், ஞாயிறு திண்ணைக்குக் கொண்டுவருகிறாள். நோட்டில் சொல்லை மட்டும் தனியாக எழுத வேண்டாம், அது வந்த வாக்கியத்தோடு எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் கொண்டுவந்த நோட்டில் ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தாள். மொழிபெயர்ப்பாளர் 'வென்ட்' என்று போட்டிருந்த இடத்தில் அவள் 'ஹேட் கான்' என்று எழுதியிருக்கிறாள். தமிழில் 'போயிருந்தான்' என்று இருக்கிறதே, அவன் போனது மற்றதற்கெல்லாம் முன்னால்தானே நடந்தது, அப்படியானால் தன்னுடையது எப்படித் தப்பு என்று கேட்டாள். அந்தப் பத்தியை நாங்கள் ஐந்து பேரும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தோம். அவள் எழுதியதுதான் எனக்கும் சரியாகப் பட்டது.